வளைவுக்கு முன்னால்

எங்கள் வீட்டுத் திண்ணையோரம் இரண்டு மலை மிதிவண்டிகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. ஒன்று என் மகனுடையது; மற்றொன்று என்னுடையது. ஐம்பது வயதைக் கடந்துவிட்ட தமிழாசிரியன் ஒருவனுக்கு மலை மிதிவண்டி எதற்கு என்று கேட்போர் உண்டு. சுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது, “இன்றைக்கு எந்த மலைக்குப் பயணம்?” என்று நண்பர்கள் நகைப்பதும் உண்டு. அவர்களுக்கெல்லாம் புன்னகையையே விடையாகத் தந்து வந்திருக்கிறேன். ஆயினும், அந்த வண்டிகளைக் குறித்து நான் எவரிடமும் மனந்திறந்து சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அது என் பிழையைப் பற்றியது. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் எவருக்கேனும் அது பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால் இன்று எழுதத் துணிந்தேன்.

நாங்கள் சேலத்துக்காரர்கள். நகரின் வடபுறத்தே சேர்வராயன் மலை நீலச் சுவராக எழுந்து நிற்பதை எங்கள் மொட்டை மாடியிலிருந்தே காணலாம். அதன்மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பது ஏற்காடு. சேலத்திலிருந்து அங்கே ஏறிச் செல்லும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதி வைத்திருப்பார்கள். சிறுவனாக இருந்தபோது பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து அந்த எண்களை உரக்கப் படித்துக்கொண்டே போன நாள்களை நினைக்கிறேன். என் மகனும் அவ்வாறே படித்தான். வளைவுகளின்மீது எங்கள் இருவருக்கும் ஏற்பட்ட ஈர்ப்பு அந்தச் சன்னலோரத்தில்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

2022 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் இரண்டு வண்டிகளையும் வாங்கினோம். மலை மிதிவண்டி என்பது நாம் கடைக்கும் அலுவலகத்துக்கும் ஓட்டிச் செல்லும் வண்டியினின்றும் வேறானது. அதன் டயர்கள் அகலமானவை; குமிழ் குமிழாகப் பற்கள் கொண்டவை. முன்கவையில் அதிர்வைத் தாங்கும் வில்லமைப்பு உண்டு. கைப்பிடி அகன்று நேராக இருக்கும். சக்கரத்தின் நடுவே உள்ள தட்டைக் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக், இரண்டே விரல்களின் அழுத்தத்துக்குக்கூட வண்டியைச் சட்டென நிறுத்திவிடும். அந்தப் பிரேக்கின் வலிமையை நான் ஒரு பெரும் பாதுகாப்பு என்றே நம்பினேன். அந்த நம்பிக்கைதான் எங்களைக் கவிழ்த்தது.

என் மைத்துனர் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் மேற்பார்வையாளர். பேருந்துகள் ஓடும் மலைச்சாலையில் ஓட்டுவதற்கு எங்களுக்குத் துணிவில்லை. ஆகவே அவருடைய இசைவோடு தோட்டத்துக்குள் செல்லும் மண்பாதைகளில் ஓட்டிப் பழகினோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும். அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள். செடிகளுக்கிடையே செம்மண் பாதை இறங்கிக்கொண்டே போகும். அந்தப் பாதையின் நடுவே இடப்பக்கமாகத் திரும்பும் வளைவு ஒன்று உண்டு. அதன் வெளிவிளிம்பில் மழைநீர் அரித்த ஒரு பள்ளம். ஆழம் இடுப்பளவு இருக்கலாம், அதற்குமேல் இல்லை. ஆனால், இறங்கி வருபவன் கண்ணுக்கு அது பாதாளமாகவே தோன்றும்.

2023 ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறை. காப்பிப் பழம் பறிக்கும் காலம். பாதையெங்கும் சருகும் உதிர்ந்த மண்ணும். என் மகன் முன்னே சென்றான், நான் பின்னே. அப்போது அவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். அந்த வளைவை அவன் நெருங்கியபோது, வழக்கத்தைவிடச் சற்று விரைவாகச் செல்வதாக எனக்குப் பட்டது. அச்சம் என் தொண்டையைப் பிடித்துக்கொண்டது. வளைவுக்குள் அவன் திரும்பத் தொடங்கிவிட்ட அந்த நொடியில் நான் பெருங்குரலெடுத்துக் கத்தினேன்:

“பள்ளம்! பள்ளத்தைப் பாரு! பிரேக்கைப் புடி!”

அவன் தந்தை சொல் தட்டாத பிள்ளை. பள்ளத்தைப் பார்த்தான். பிரேக்கைப் பிடித்தான். முன்சக்கரம் சருகின்மேல் சறுக்கி அவன் காலடியிலிருந்து பறித்துக்கொண்டதுபோல் விலகியது. இடத் தோள் தரையில் மோத விழுந்தான். வண்டி மட்டும் உருண்டு போய்ப் பள்ளத்தில் கிடந்தது.

தலைக்கவசம் அணிந்திருந்தமையால் தலைக்கு ஒன்றும் நேரவில்லை. இடப்பக்கக் காறை எலும்பு முறிந்திருந்தது. மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கிய அந்த மகிழுந்துப் பயணத்தில், 20 வளைவுகளிலும் அவன் வலியால் பல்லைக் கடித்ததை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு எண்களை உரக்கப் படிப்பவர் எவருமில்லை.

எலும்பு தானே கூடிவிடும் என்றார் மருத்துவர். கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டி, மூன்று மாதம் மிதிவண்டியைத் தொடலாகாது என்று கண்டித்துச் சொல்லி அனுப்பினார். என் இல்லாள் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டியபடி, “சைக்கிளைத் தொடாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். தெரிஞ்சுக்கிட்டு ஓட்டுங்கன்னுதான் சொல்றேன்” என்றாள். அவள் கடிந்திருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஏறத்தாழ ஒரு மாதம் கழிந்திருக்கும். ஓரிரவு மகனின் படுக்கையருகே அமர்ந்து, “விரைவாகப் போகாதே என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்” என்று அறிவுரையைத் தொடங்கினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு மெல்லச் சொன்னான்:

“அத்தா, நான் வெளியே போற பாதையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க பள்ளத்தைப் பாருன்னு சொன்னீங்க. பார்த்தேன்.”

அதில் குற்றச்சாட்டின் கடுமை இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். அறியாத ஒன்றைச் சொல்லிக் கொடுத்து என் பிள்ளையையே விழச் செய்திருக்கிறேன் என்னும் எண்ணம் நெஞ்சை அரித்தது. அவன் விழுந்ததற்குக் காரணம் விரைவா, என் குரலா? இதை அறிந்தாக வேண்டும் என்று உறுதி கொண்டேன்.

எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் என் நெடுநாள் நண்பர். மறுநாள் இடைவேளையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தம் சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு இந்த நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கொண்டுதான் நிறுத்த வேண்டும். இதைக் கொண்டுதான் திரும்பவும் வேண்டும். நிறுத்துவதற்கே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால், திரும்புவதற்கு என்ன மிஞ்சும்? கணக்கு இவ்வளவு நேரான கழித்தல் அன்று. ஆனால் பை ஒன்றுதான், பணமும் அளவானதுதான். சருகு கிடக்கும் பாதையில் அந்த நூறும் ஐம்பதாகிவிடும்.”

அவர் மேலும் விளக்கினார். வளைவில் வண்டியைத் திருப்பத் தேவைப்படும் விசை, வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 10 கிலோமீட்டரில் செல்பவன் 20 கிலோமீட்டருக்கு ஏறினால், தேவை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகிவிடும். ஆகவே வேகத்தைக் குறைப்பது இன்றியமையாததே. எப்போது குறைப்பது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. வளைவுக்கு முன்னால், சக்கரம் நேராக உருளும்போதே பிரேக்கைப் பிடித்து வேகத்தை அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வளைவு தொடங்குமுன் விரல்களை மெல்ல விட்டுவிட வேண்டும். சாய்ந்து திரும்பும் சக்கரத்தில், அதிலும் முன்சக்கரத்தில், திடீரென்று பிரேக் பிடிப்பவன் விழுகிறான். பின்சக்கரம் சறுக்கினால் சமாளித்துக்கொள்ள ஒரு நொடியேனும் கிடைக்கும்; முன்சக்கரம் சறுக்கினால் அதுவும் கிடைப்பதில்லை.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு என் பாட்டனாரின் நினைவு வந்தது. அவர் சூரமங்கலத்தில் சேலம் சந்திப்பு இரயில் நிலையத்தின் வாயிலில் ஜட்கா வண்டி ஓட்டிப் பிழைத்தவர். எங்கள் குலப்பெயராகிய இராவுத்தர் என்பதற்குக் குதிரை வீரர் என்று பொருள் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் குதிரையோடு உறவு கொண்டிருந்த கடைசி மனிதர் அவர்தாம். ஆறேழு வயதில் அவர் மடியருகே அமர்ந்து கடைவீதிவரை போயிருக்கிறேன். தெருமுனை வருவதற்கு வெகு முன்னதாகவே கடிவாளத்தை இழுப்பார். குதிரை நடை தளரும். முனையில் திரும்பும்போது கடிவாளத்தைத் தளர்த்திவிடுவார். “திரும்பயில வாயைப் புடிச்சு இழுக்கப்படாதுடா, அது எங்கே காலை வைக்கும்?” என்பார். இரட்டைச் சக்கர வண்டி முனையில் குடைசாயாமல் காத்த அந்த அறிவு என் வீட்டிலேயே இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதை நான் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

படுக்கையில் இருந்த மகனும் வாளாவிருக்கவில்லை. மலை மிதிவண்டியின் வரலாற்றையே படித்துவிட்டான். மாலைதோறும் அவன் சொல்ல நான் கேட்பேன். எங்களிடையே இறுகியிருந்த மௌனம் அந்தக் கதைகளால்தான் இளகியது. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூரை ஒட்டிய மலையில், சில இளைஞர்கள் 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட பழைய தடித்த டயர் மிதிவண்டிகளைத் தேடிப் பிடித்து மண்பாதையில் இறங்கினார்களாம். பாதையின் நீளம் ஏறத்தாழ 2 மைல். இறக்கமோ சுமார் 1,300 அடி. மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரத்தைப் பிடிக்கும் பழைய பிரேக்தான் அவற்றில் இருந்தது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் அந்தப் பிரேக் சூடேறி, உள்ளிருக்கும் மசகு புகைந்து தீர்ந்துவிடும். மீண்டும் பிரித்து மசகை அடைத்தால்தான் அடுத்த முறை ஓட்ட முடியும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’, அதாவது ‘மறுபடியும் அடைத்தல்’ என்று பெயர் வந்தது.

அங்கே முதற்போட்டி நடந்தது 1976 அக்டோபர் 21 ஆம் நாள். “யார் ஜெயிச்சாங்க தெரியுமா, அத்தா? ஆலன் பாண்ட்ஸ்னு ஒருத்தர். விழாம வந்து சேர்ந்தவர் அவர்தான்!” என்று சொல்லி, தூக்கிக் கட்டிய கையோடு அவன் சிரித்தான். விபத்துக்குப் பின் அவன் சிரித்ததை அன்றுதான் கண்டேன். அந்தக் குழுவைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977 இல் இந்தப் பயன்பாட்டுக்கென்றே ஒரு புதிய சட்டகத்தைச் செய்தார். 1996 இல் அட்லாண்டாவில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டில் மலை மிதிவண்டி ஓட்டமும் ஒரு போட்டியாக இடம்பெற்றது. பழைய இரும்பைத் தட்டிக்கொட்டி ஓட்டியவர்களின் விளையாட்டு, இருபதே ஆண்டுகளில் உலக அரங்கை எட்டிவிட்டது.

மகனுக்கு ஓட்டத் தடை இருந்ததால், முதலில் நான் பழகுவது என்று முடிவாயிற்று. ஞாயிறுதோறும் அதிகாலையில், தலைமையாசிரியரின் அனுமதியோடு, எங்கள் பள்ளி விளையாட்டுத் திடலுக்குச் செல்வோம். முழங்கைக்கும் முழங்காலுக்கும் காப்பு அணிந்துகொள்வேன். தண்ணீர் நிரப்பிய இரண்டு புட்டிகளை எட்டு மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, அவற்றைச் சுற்றி 8 என்னும் எண்ணின் வடிவில் மெதுவாக ஓட்ட வேண்டும். மலையில் கற்க வேண்டியதைச் சமதரையில் கற்பதா என்று முதலில் நினைத்தேன். ஆனால், மலையிறக்கத்தில் அச்சமே மனத்தை நிறைத்துக்கொள்கிறது. கைகால்களைக் கவனிக்க அங்கே இடமில்லை. சமதரையில்தான் நம் பிழைகள் ஒவ்வொன்றாக முகங்காட்டுகின்றன.

என்னுடைய முதற்பிழை, இடப்பக்கம் எளிதாகத் திரும்பியவன் வலப்பக்கம் திரும்ப முடியாமல் திணறியது. நாற்பது ஆண்டுகளாக மிதிவண்டி ஓட்டியும் இதை நான் அறிந்திருக்கவில்லை. பெரும்பாலோர்க்கு ஒருபக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருக்குமாம். எளிய பக்கத்தைக் காட்டிலும் கடினமான பக்கத்தை இருமடங்கு பழகுவது என்று வகுத்துக்கொண்டேன்.

இரண்டாவது பிழை, புட்டியையே பார்த்துக்கொண்டு ஓட்டியது. எதன்மேல் மோதக்கூடாது என்று கண்ணை அதன்மேல் வைத்தேனோ, அதன்மேலேயே போய் மோதினேன். ஒருமுறை அன்று, பத்து முறை. புட்டி உருளும்போதெல்லாம் மகன் ஓடிவந்து எடுத்து நிறுத்துவான். கடைசியில் அவன் சலித்துப்போய், நான் திரும்பி வெளியேற வேண்டிய இடத்தில் தானே சென்று நின்றுகொண்டான்.

“புட்டியை மறந்துடுங்க, அத்தா. என் முகத்தைப் பாருங்க. பார்த்துக்கிட்டே வாங்க.”

பார்த்தேன். தலை திரும்பியது. தலையைத் தொடர்ந்து தோள் திரும்பியது. தோளைத் தொடர்ந்து இடுப்பு திரும்பியது. வண்டி தானாகவே வளைந்து அவனிடம் வந்து சேர்ந்தது. புட்டி அசையாமல் நின்றது. அப்போது என் கண்கள் கலங்கியதை வேர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். பள்ளத்தைப் பார் என்று நான் சொல்லி விழுந்தவன், தன் முகத்தைப் பார்க்கச் சொல்லி என்னைத் திருப்பிவிட்டான்.

மூன்றாவது பாடம் சாய்வைப் பற்றியது. திரும்பும் மிதிவண்டி உட்புறமாகச் சாய்ந்தே ஆக வேண்டும். ஐந்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதற்கு ஏறத்தாழ 27 பாகை சாய்வு தேவை என்று நண்பர் கணக்கிட்டுக் காட்டினார். நானோ சாய அஞ்சி, உடம்பை மரக்கட்டைபோல் விறைத்துக்கொண்டு கைப்பிடியை மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தேன். மேடு கட்டாத தட்டையான மண்வளைவில் உடம்பைவிட வண்டியைத்தான் மிகுதியாகச் சாய்க்க வேண்டும். இடப்பக்கம் திரும்புகிறோம் என்று கொள்வோம். வலக்கால் மிதி கீழே இருக்க வேண்டும். உடம்பின் எடை முழுவதும் அந்த வலக்காலில் ஊன்ற வேண்டும். இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, இடக்கையால் கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்தினால் வண்டி இடப்பக்கம் சாயும். வலமுழங்கை மடங்கி வெளியே அகன்று நிற்கும். அப்போது டயரின் ஓரத்துக் குமிழ்கள் மண்ணைக் கவ்வுகின்றன. நம் எடையோ சக்கரங்களின்மேல் நிலையாக நின்று அவற்றைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. வெளியோரத்தில் மண்ணை உயர்த்திக் கட்டிய வளைவுகளும் சில நாட்டு ஓட்டப் பாதைகளில் உண்டு. அங்கே முறை வேறு. மிதிகளைச் சமமாக வைத்து, உடம்பும் வண்டியும் ஒன்றாகவே சாயலாம்.

இடப்பக்கம் திரும்ப இடக்கைப்பிடியை அழுத்துவதா என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. வானூர்தியைக் கண்ட ரைட் சகோதரர்கள் மிதிவண்டி செய்து விற்றவர்கள். இடப்பக்கம் திரும்ப விரும்புபவன் முதற்கணத்தில் முன்சக்கரத்தைச் சிறிதளவு வலப்பக்கமே திருப்புகிறான். அதனால்தான் வண்டி இடப்பக்கம் சாய்கிறது என்பதை அவர்களுள் மூத்தவரான வில்பர் ரைட் கண்டறிந்து கூறினார். ஓட்டுபவர்களுக்கே தாம் இவ்வாறு செய்வது தெரிவதில்லை என்பதையும் அவர் கவனித்தார். நாம் நாள்தோறும் செய்கின்ற எத்தனையோ செயல்களை நாம் அறியாமலே செய்கிறோம். பிறருக்குக் கற்பிக்கப் புகும்போதுதான் அந்த அறியாமை தடுக்கி விழச் செய்கிறது.

டயரில் காற்றடைப்பதிலும் ஒரு பாடம் கற்றேன். கல்லைப் போல் இறுகியிருப்பதே நல்லது என்று கருதிச் சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டுவரை அடைத்து வந்தேன். என் எடை 68 கிலோ. அதை 30 ஆகக் குறைத்த நாளிலிருந்து டயர் மண்ணோடு இணங்கிச் செல்வதை உணர்ந்தேன். மிகக் குறைத்தால் கல்லில் மோதி உள்டியூப் நசுங்கிக் கிழியும். ஆகவே சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்ப்பதே முறை.

ஏப்ரல் இறுதியில் மருத்துவர் மகனுக்கு அனுமதி தந்தார். அதுவரை எனக்கு ஆசிரியனாக இருந்தவன், வண்டியின்மேல் ஏறி அமர்ந்ததும் குழந்தைபோல் நடுங்கினான். வலப்பக்கம் நன்றாகவே திரும்பினான். இடப்பக்கம் என்றால், திடலின் சமதரையிலும் அவன் விரல்கள் பிரேக்கைத் தேடின. முறிந்த எலும்பு கூடிவிட்டது, அச்சம் கூடவில்லை. “ஒண்ணும் ஆகாது, பயப்படாதே” என்று சொல்ல நா எழுந்தது. அடக்கிக்கொண்டேன். அச்சத்தைச் சொல்லால் விரட்ட முடியாது என்பதை அதற்குள் நானும் கற்றிருந்தேன். புட்டிகளின் இடைவெளியைப் பன்னிரண்டு மீட்டராக அகற்றி வைத்தேன். நடக்கும் வேகத்தில் ஓட்டச் சொன்னேன். அவன் வெளியேற வேண்டிய இடத்தில் சென்று நின்றேன், வாய் திறக்கவில்லை.

வாரங்கள் சென்றன. பன்னிரண்டு மீட்டர் பத்தாயிற்று, பத்து எட்டாயிற்று. ஒரு ஞாயிறு மணல் கிடந்த மூலையில் அவன் வண்டி சறுக்க, காலை ஊன்றிச் சமாளித்தான். முன்பானால் நான் கத்தியிருப்பேன். அன்று வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றதைக் கண்டு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இப்ப நான் பிரேக்கைத் தொடவே இல்லை, பார்த்தீங்களா?” என்றான். அவன் இடப்பக்கத்து அச்சம் அன்றோடு பாதி கரைந்தது என்று நினைக்கிறேன்.

அவ்வாண்டு டிசம்பர் விடுமுறையில் மீண்டும் ஏற்காட்டுக்குப் போனோம். என் இல்லாளும் உடன் வந்தாள். அதே தோட்டம், அதே செம்மண் பாதை, காப்பிப் பழம் பறிக்கும் அதே காலம். முதலில் வண்டிகளை நிறுத்திவிட்டு வளைவுவரை நடந்து சென்று பார்த்தோம். எங்கே சருகு கிடக்கிறது, எங்கே மண் இறுகியிருக்கிறது, எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும், எங்கே விரலை விட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். பழம் பறிப்பவர்கள் எதிரே வரக்கூடும் என்பதால், அவர்களிடமும் சொல்லி வைத்தார் மைத்துனர். எதிரே வருபவர் தெரியாத வளைவில் எவ்வளவு தேர்ந்தவனும் தன் பக்கத்தைவிட்டு அகலக்கூடாது. நின்றுவிடக் கூடிய வேகத்துக்கு மேல் போகவும் கூடாது.

பிறகு நான் முன்னே இறங்கினேன். வளைவுக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தேன், விட்டேன். வலக்காலை ஊன்றினேன். வெளியேறும் பாதையைப் பார்த்தேன். பள்ளம் என் வலப்பக்கமாக எங்கோ கடந்து போயிற்று. அதை நான் காணவில்லை. சற்றுத் தொலைவு சென்று, வண்டியை ஓரமாகக் கிடத்திவிட்டு, அவன் கண்ணுக்கு நேராகப் பாதையோரம் நின்றேன்.

மேலே அவன் புறப்படும் ஓசை கேட்டது. சருகுகள் நொறுங்கும் ஒலி நெருங்கி வந்தது. செடிகளுக்கிடையே அவன் தலைக்கவசம் தெரிந்தது. வளைவுக்குச் சற்று முன்னால் வேகம் தணிந்தது. என் மார்பு அடித்துக்கொண்டது. தொண்டைவரை வந்த சொற்களை விழுங்கினேன். அவன் தலை திரும்பியது. அவன் கண்கள் என்னைக் கண்டன. வண்டி இடப்பக்கம் சாய, அவன் அதன்மேல் நிமிர்ந்து நின்று, மண்ணில் ஒரு கோடு வரைந்ததுபோல் வளைந்து வந்து என்னைக் கடந்து சென்று நின்றான்.

“அத்தா, நீங்க ஏன் ஒண்ணுமே சொல்லல?” என்று மூச்சிரைக்கக் கேட்டான்.

“நீ என்னைப் பார்த்துக்கொண்டுதானே வந்தாய்?” என்றேன்.

அவன் தலையசைத்தான். மேலேயிருந்து அவன் தாய் எங்கள் இருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் குரல் கேட்டது. இருவரும் ஒருங்கே, “நல்லாயிருக்கோம்!” என்று மறுகுரல் கொடுத்தோம்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறும்போது அந்தப் பள்ளத்தின் அருகே நின்று எட்டிப் பார்த்தேன். மழையால் கரைகள் இன்னும் கொஞ்சம் சரிந்து, முன்னைவிட அது பெரிதாகியிருந்தது. மகன் பார்க்கவில்லை, அவன் மறுமுறை இறங்குவதற்காக மேலே விரைந்துகொண்டிருந்தான்.

இப்போது அவன் கல்லூரியில் சேரும் பருவத்தில் இருக்கிறான். எந்தப் படிப்பு, எந்த ஊர் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. கூடாதவற்றையும் ஆகாதவற்றையும் அடுக்கிச் சொல்ல என் நா இன்றும் எழுகிறது. சொல்ல வேண்டியவற்றை முன்னதாகவே அமைதியாகச் சொல்லிவிட்டேன். இனி அவன் திரும்பும் நேரத்தில் கத்தாமல், அவன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் சென்று நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். புட்டியைச் சுற்றுவதைவிட இது கடினமாகத்தான் இருக்கிறது. ஞாயிறுதோறும் திடலுக்குப் போவதை மட்டும் நாங்கள் இன்னும் நிறுத்தவில்லை.